அங்கிலோசாரஸ் மாக்னிவென்ட்ரிஸ்: வகைப்பாடும் உடலமைப்பும், எலும்பு எலும்பாக ஒரு முழு வழிகாட்டி

கவச டைனோசர் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அங்கிலோசாரஸ்தான். முதுகு முழுக்கத் தகடு, வால் நுனியில் குண்டு. ஆனால் இந்தப் பெயரில் படங்களிலும் பொம்மைகளிலும் நாம் பார்த்துப் பழகிய உருவத்தின் பெரும்பகுதி, அதன் உறவினரான யூவோப்ளோசெஃபலஸிடமிருந்து எடுத்து ஒட்டவைத்தது. அங்கிலோசாரஸின் முழு எலும்புக்கூடு இதுவரை கிடைக்கவில்லை. யூவோப்ளோசெஃபலஸுக்கும் அதன் நெருங்கிய இனங்களுக்கும் நல்ல மாதிரிகள் நிறைய இருக்கின்றன. இல்லாததை இருப்பதிலிருந்து நிரப்பும்போது, எது நிரப்பியது என்பதைக் குறித்துவைக்கத் தவறிவிடுகிறார்கள்.

படம் வரைபவர், மாதிரி செய்பவர், கல்லூரியில் தொல்லுயிரியல் படிப்பவர், கண்காட்சிக்குத் தகவல் பலகை எழுதுபவர் எல்லோருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். கவசத்தில் தொடங்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அப்படித் தொடங்கியவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்பது கீழே வருகிறது.

படி 1: கையில் இருக்கும் எலும்புகள் எவை?

ஓர் இனத்தைப் பற்றி எழுதுமுன் மாதிரிப் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் நான்கு தகவல்கள் போதும்: எண், இடம், பாறை அடுக்கு, கிடைத்த உறுப்புகள். அங்கிலோசாரஸுக்கு இந்தப் பட்டியல் மிகச் சிறியது. முக்கியமானவை நான்குதான்.

ஏ.எம்.என்.எச். (நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்) 5895. இதுதான் மூல மாதிரி. இனத்தின் பெயர் சட்டப்படி ஒட்டியிருப்பது இந்த எலும்புகளோடுதான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஹெல் க்ரீக் பாறை அடுக்கில் 1906-இல் பீட்டர் கைசன் கண்டெடுத்தார். 1908-இல் பார்னம் பிரவுன் இதை விவரித்துப் பெயரிட்டார். மண்டையோட்டின் மேற்பகுதி, இரண்டு பற்கள், தோள்பட்டையின் ஒரு பகுதி, கழுத்து, முதுகு, வால் முள்ளெலும்புகள், விலா எலும்புகள், முப்பதுக்கு மேற்பட்ட கவசத் தகடுகள் இதில் உண்டு. வால் குண்டு இல்லை.

ஏ.எம்.என்.எச். 5214. கனடாவின் ஆல்பர்ட்டாவில், ரெட் டீர் ஆற்றங்கரையின் ஸ்காலர்ட் அடுக்கில் 1910-இல் பிரவுன் எடுத்தது. முழு மண்டையோடு, கீழ்த்தாடைகள், மேற்கை எலும்புகள், தொடை எலும்பு, விலா எலும்புகள், தகடுகள் ஆகியவற்றோடு இந்த இனத்துக்குத் தெரிந்த ஒரே வால் குண்டும் இதில்தான் இருக்கிறது. உடலமைப்பைப் பற்றி நாம் சொல்வதில் பெரும்பங்கு இதிலிருந்து வருகிறது.

சி.எம்.என். (கனடா இயற்கை அருங்காட்சியகம்) 8880. இதுவும் ஸ்காலர்ட் அடுக்கிலிருந்துதான். 1947-இல் சார்லஸ் எம். ஸ்டெர்ன்பெர்க்கின் குழு எடுத்தது. மண்டையோடும் கீழ்த்தாடைப் பகுதியும் மட்டுமே. ஆனால் தெரிந்தவற்றில் மிகப் பெரிய மண்டையோடு இதுதான். பழைய நூல்களில் இதே மாதிரி என்.எம்.சி. 8880 என்று இருக்கும். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் அளவு அட்டவணையில் இரண்டு முறை சேர்த்துவிடாதீர்கள்.

ஏ.எம்.என்.எச். 5866. வயோமிங்கின் லான்ஸ் அடுக்கில் 1900-இல் பிரவுன் எடுத்த 77 கவசத் தகடுகள். இதன் கதை படி 4-இல்.

மூன்று பாறை அடுக்குகளும் கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியனைச் சேர்ந்தவை. ஏறக்குறைய 6.8 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். டைரனோசாரஸ், ட்ரைசெராடாப்ஸ், எட்மான்டோசாரஸ் எல்லாம் இதன் சமகாலத்தவை. டென்வர்சாரஸ் என்ற இன்னொரு கவச டைனோசரும் இதே காலத்தில் இதே பகுதியில் வாழ்ந்தது. அது நோடோசார் என்ற வேறொரு குடும்பம். ஆகவே ஹெல் க்ரீக்கில் ஒரு தகடு கிடைத்தால் அது அங்கிலோசாரஸ்தான் என்று உடனே எழுதிவிட முடியாது.

படி 2: வகைப்பாட்டு ஏணியில் ஏறுதல்

மனப்பாடமாகப் பெயர்களை அடுக்குவதைவிட, ஒவ்வொரு படிக்கும் ஓர் எலும்பு அடையாளத்தை வைத்துக்கொண்டு ஏறுவது நல்லது. அடையாளம் கையில் இல்லாத இடத்தில் நின்றுவிடுங்கள்; அதற்கு மேல் பெயர் சொல்லாதீர்கள்.

முதல் படி ஆர்னிதிஸ்கியா, அதாவது பறவை இடுப்பு டைனோசர்கள். பின்னோக்கித் திரும்பிய பூப்பெலும்பு (இடுப்பின் கீழ்ப்பகுதி எலும்புகளில் ஒன்று) இவற்றின் அடையாளம் என்று பாடநூல்கள் சொல்லும். கவச டைனோசரிடம் இந்த அடையாளத்தைத் தேடினால் ஏமாற்றம்தான், ஏனெனில் இவற்றில் பூப்பெலும்பு மிகவும் சிறுத்துப்போயிருக்கும். அதற்குப் பதிலாகக் கீழ்த்தாடையின் நுனியைப் பாருங்கள். இரண்டு தாடைகளையும் முன்னால் இணைக்கும் தனி எலும்பு ஒன்று, பற்களுக்கு முன்னால் அலகைத் தாங்கிக்கொண்டு இருக்கும். ஆர்னிதிஸ்கியா முழுவதற்கும் பொதுவான எலும்பு அது.

இரண்டாவது, தைரியோஃபோரா. உடலின் நீளவாக்கில் இணை இணையாக ஓடும் தோலெலும்பு (தோலுக்குள் உருவாகும் எலும்புத் தகடு) வரிசைகள் இதன் அடையாளம். 1915-இல் ஃபிரான்ஸ் நோப்சா கொடுத்த பெயர். அரிசோனாவின் ஸ்கூட்டெல்லோசாரஸ், இங்கிலாந்து டார்செட் கடற்கரையின் ஸ்கெலிடோசாரஸ் போன்ற ஆரம்பக்கால உருவங்களும், தட்டுகள் நிமிர்ந்து நிற்கும் ஸ்டெகோசார்களும் இதில் அடங்கும்.

மூன்றாவது, அங்கிலோசாரியா. பிரவுன் 1908-இல் அங்கிலோசாரிடே என்ற குடும்பத்தை உருவாக்கினாலும் அதை ஸ்டெகோசார்களோடுதான் வைத்தார். தனிப் பிரிவாக அங்கிலோசாரியாவை 1923-இல் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்போர்ன் பிரித்தார். அடையாளங்கள் மூன்று. மண்டையோட்டின் மேற்புறத் துளைகளும் கண்ணுக்கு முன்னுள்ள துளையும் மூடிப்போயிருக்கும். மண்டையோட்டு எலும்புகளின் மேல் கவச அலங்காரம் ஒட்டி ஒன்றாகியிருக்கும். தொடை எலும்பின் தலை உட்காரும் இடுப்புக் குழி, மற்ற டைனோசர்களில் துளையாக ஊடுருவியிருக்க, இவற்றில் அடி மூடிய கிண்ணமாக இருக்கும்.

நான்காவது, அங்கிலோசாரிடே. இங்கேதான் நோடோசாரிடேவிலிருந்து பிரிகிறது. 1970-களில் வால்டர் கூம்ப்ஸ் கவச டைனோசர்களை இந்த இரண்டே குடும்பங்களாக ஒழுங்குபடுத்தினார். இன்றும் பெரும்பாலோர் அந்தப் பிரிவினையில்தான் பேசுகிறார்கள். அங்கிலோசாரிடேயின் தலை நீளத்துக்கு நிகராகவோ கூடுதலாகவோ அகன்றிருக்கும். பின் மூலைகளில் கொம்புகள் இருக்கும். பின்னால் வந்தவற்றில் வால் குண்டு உண்டு. நோடோசாரின் தலை ஒடுங்கி நீண்டது. பலவற்றுக்குக் கழுத்திலும் தோளிலும் பெரிய முட்கள் இருக்கும், வால் குண்டு இருக்காது.

ஐந்தாவது, அங்கிலோசாரினே. அதற்குள் அங்கிலோசாரினி என்ற கிளை. விக்டோரியா ஆர்பரும் ஃபிலிப் கரியும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் யூவோப்ளோசெஃபலஸ், அனோடோன்டோசாரஸ், ஸ்கோலோசாரஸ், டையோப்ளோசாரஸ், ஸியாபெல்டா போன்ற வட அமெரிக்க இனங்கள் அங்கிலோசாரஸோடு இதில் சேர்கின்றன. மங்கோலியாவின் பினாகோசாரஸும் சைக்கானியாவும் இதற்கு வெளியே நிற்கும் உறவினர்கள். இந்தக் கிளையின் முன்னோர்கள் ஆசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்கு வந்தவை என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு.

ஆறாவது, பேரினம் அங்கிலோசாரஸ், இனம் மாக்னிவென்ட்ரிஸ். பேரினத்தில் இந்த ஒரே இனம்தான்.

இந்த ஏணியில் இரண்டு இடங்கள் இன்னும் அசைகின்றன. நோடோசாரிடே ஒரே குடும்பமாக நிற்குமா என்பது ஒன்று. 2023-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு அதை உடைத்து, அங்கிலோசாரிடேயோடு சேர்த்து நான்கு குடும்பங்களாகப் பிரித்தது. மற்றது தென்கண்டங்கள். சிலியின் மகயானெஸ் பகுதியில் கிடைத்து 2021-இல் விவரிக்கப்பட்ட ஸ்டெகோரோஸ், பாரான்கிலோசாரியா என்ற தனிக் கிளையையே உருவாக்கிவிட்டது. அதன் வாலிலும் ஆயுதம் உண்டு. ஆனால் ஏழு இணைத் தட்டைத் தகடுகள் பக்கவாட்டில் விரிந்த, முற்றிலும் வேறான அமைப்பு அது. ஆகவே ‘வாலில் ஆயுதம் இருக்கிறது, எனவே அங்கிலோசாரிடே’ என்ற வாதம் இப்போது செல்லாது.

பழைய நூல்களைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கூம்ப்ஸ் 1971-இல் டையோப்ளோசாரஸ், ஸ்கோலோசாரஸ், அனோடோன்டோசாரஸ் எல்லாவற்றையும் யூவோப்ளோசெஃபலஸுக்குள் அடக்கினார். 2009 முதல் 2013 வரையான ஆய்வுகள் அவற்றை மீண்டும் தனித்தனியாகப் பிரித்துவிட்டன. இடைப்பட்ட நாற்பதாண்டு நூல்களில் ‘யூவோப்ளோசெஃபலஸின் வால்’ என்று இருந்தால், அது உண்மையில் எந்த மாதிரியின் வால் என்று எண்ணைப் பார்த்த பிறகே எடுத்தாளுங்கள்.

படி 3: மண்டையோடு

இனத்தை உறுதியாகச் சொல்லும் உறுப்பு இதுதான். அதனால் நேரத்தில் பாதியை இங்கே செலவிடலாம்.

முதலில் அளவு. சி.எம்.என். 8880 மண்டையோட்டின் நீளம் 64.5 செ.மீ., அகலம் 74.5 செ.மீ. ஏ.எம்.என்.எச். 5214-இல் நீளம் 55.5 செ.மீ., அகலம் 64.5 செ.மீ. இரண்டிலும் அகலம் நீளத்தைவிட ஏறத்தாழ 16 சதவீதம் கூடுதல். நீங்கள் வரைந்த தலை நீளம் அகலத்தை மிஞ்சினால் அங்கேயே நிறுத்தி அழித்துவிடுங்கள்.

அடுத்து மேற்பரப்பு. வளர்ந்த விலங்கில் மண்டை எலும்புகளுக்கு இடையிலான இணைப்புக் கோடுகள் அழிந்து எல்லாம் ஒன்றாகிவிடும். அவற்றின் மேல் பள்ளங்களால் பிரிக்கப்பட்ட பலகோணக் கட்டங்கள் தெரியும். இந்தக் கட்டங்களை எலும்பு எல்லைகள் என்று நினைத்துக்கொள்வது பலரும் செய்யும் தவறு. கட்டம் வேறு, அடியிலுள்ள எலும்பு வேறு. ஆனால் கட்டங்களின் அமைப்பு இனத்துக்கு இனம் மாறுவதால், வகைப்படுத்த அவை மிகவும் உதவும்.

கொம்புகள் நான்கு. பின்புற மேல் மூலைகளில் இரண்டு, கன்னத்தின் கீழ் மூலைகளில் இரண்டு. மேல் கொம்புகள் பிரமிடு வடிவில், பின்னோக்கியும் வெளிநோக்கியும் நீண்டிருக்கும். உறவினர்களோடு ஒப்பிட்டால் இவை பெரியவை.

இப்போது மூக்கு. அங்கிலோசாரஸை அடையாளம் காண நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். மற்ற அங்கிலோசாரிட்களில் மூக்குத்துளைகள் முகத்தின் முன்புறத்தில் திறக்கும். அங்கிலோசாரஸில் அவை நீள்வட்டமாக, பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் திரும்பியிருக்கின்றன. முகத்தை நேர் எதிரே நின்று பார்த்தால் துளைகளே கண்ணில் படாது. மூக்கின் மேல் பெரிய கவசக் கட்டங்கள் உப்பி முன்பக்கத்தை மூடிக்கொண்டதால் மூக்குப்பகுதியே உருண்டு திரண்டு தெரியும். 2017-இல் ஆர்பரும் ஜோர்டன் மாலனும் இந்த மாதிரிகளை மறுபடி விவரித்தபோது மிகவும் அழுத்திச் சொன்ன அம்சம் இது. தரையைக் கிளறி உணவு தேடும் பழக்கத்தோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்தையும் அவர்கள் முன்வைத்தார்கள். கடையில் கிடைக்கும் எந்த அங்கிலோசாரஸ் பொம்மையையும் எடுத்து மூக்கைப் பாருங்கள். துளைகள் முன்னால் இருந்தால் அது யூவோப்ளோசெஃபலஸின் முகம்.

அங்கிலோசார்களின் மூக்குக்கு உள்ளே இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. யூவோப்ளோசெஃபலஸ், பனோப்ளோசாரஸ் ஆகியவற்றின் மண்டையோடுகளை சி.டி. ஸ்கேன் செய்தபோது, காற்றுப்பாதை நேராகப் போகாமல் வளைந்து சுருண்டு போவது தெரிந்தது. 2018-இல் வெளியான கணினிக் கணக்கீடு, இந்தச் சுருளில் போகும் காற்று நன்றாகச் சூடேறுவதையும், வெளியேறும்போது வெப்பமும் ஈரமும் மீட்கப்படுவதையும் காட்டியது. பெரிய உடலுக்குள் சிறிய மூளையைச் சூட்டிலிருந்து காக்கவும் இது உதவியிருக்கும்.

பற்கள் சிறியவை, இலை வடிவம், பக்கவாட்டில் தட்டையானவை. மேல்தாடையில் ஒரு பக்கத்துக்கு 34, 35 குழிகள். உடல் அளவோடு ஒப்பிட்டால் இவ்வளவு சிறிய பல் இந்தக் குடும்பத்தில் வேறெதற்கும் இல்லை. முன்பக்கம் பல்லே இல்லாத அலகு. கொத்திப் பிடுங்கும் வேலை அலகுக்கு, நறுக்கும் வேலை பற்களுக்கு. தனியாகக் கிடைக்கும் பல் நோடோசாரின் பல்லோடு குழம்ப வாய்ப்புண்டு. பொதுவாக நோடோசாரின் பல் பெரியது. ஒரே ஒரு பல்லை வைத்து இனப்பெயர் எழுதுவதைத் தவிருங்கள்.

படி 4: கவசம்

தோலெலும்பு என்பது எலும்புக்கூட்டோடு மூட்டால் இணையாமல் தோலுக்குள்ளேயே உருவாகும் எலும்பு. விலங்கு இறந்து தோல் அழுகியதும் தகடுகள் இடம்விட்டுச் சிதறும். கவசத்தில் வரும் சிக்கல் எல்லாம் இந்த ஒரு காரணத்தால்தான்.

வயோமிங்கின் 77 தகடுகள் நல்ல உதாரணம். அவை ஒரு மாமிச உண்ணியின் எலும்புகளோடு கலந்து கிடந்தன. 1905-இல் ஆஸ்போர்ன் அந்த மாமிச உண்ணிக்கு டைனமோசாரஸ் என்று பெயரிட்டபோது, தகடுகள் அதற்கே உரியவை என்று எடுத்துக்கொண்டார். மறு ஆண்டே டைனமோசாரஸ் டைரனோசாரஸ் ரெக்ஸ் ஆகிவிட்டது. தகடுகள் அங்கிலோசாரஸுடையவை என்பது பின்னர் தெளிந்தது.

இந்தியாவிலும் இதே போல் நடந்தது. ஜபல்பூரின் லமேட்டா அடுக்குகளில் கிடைத்த எலும்புகளையும் தகடுகளையும் சேர்த்து 1920-களில் சார்லஸ் மாட்லி லமேட்டாசாரஸ் என்று கவச டைனோசராக அறிவித்தார். எலும்புகள் மாமிச உண்ணியுடையவை. தகடுகள் நீள்கழுத்து டைட்டனோசாருடையவை என்பதே இன்றைய பார்வை. டைட்டனோசார்களுக்கும் தோலெலும்பு உண்டு, முதலைகளுக்கும் உண்டு. தமிழ்நாட்டின் அரியலூர் வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் பாறைகளில் கிடைத்து 1979-இல் தட்டு டைனோசராக விவரிக்கப்பட்ட திராவிடோசாரஸும் இத்தகைய விவாதத்தில் சிக்கியது. 1996-இல் சங்கர் சாட்டர்ஜி அது கடல்வாழ் பிளீசியோசாரின் சிதைந்த எலும்பு என்று வாதிட்டார்.

ஆகவே தகட்டை இப்படி அணுகுங்கள். புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கிலோசாரஸின் பெரிய தகடுகள் கவிழ்த்த கொட்டாங்கச்சி போல அடியில் குழிந்து, சுவர் மெலிந்து இருக்கும். கையில் எடுத்தால் வெளித்தோற்றம் காட்டும் கனம் இருக்காது. மேற்பரப்பு யூவோப்ளோசெஃபலஸுடையதைவிட வழவழப்பானது. அளவு 1 செ.மீ. விட்டமுள்ள பொடியிலிருந்து 35.5 செ.மீ. நீளம் வரை. பிறகு, மேலே ஓடும் முகட்டைப் பாருங்கள். அது நடுவில் ஓடுகிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பது, தகடு முதுகின் நடுவை ஒட்டியதா விலாப்பக்கமா என்று ஊகிக்க உதவும். அதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால் மெல்லிய வெட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அங்கிலோசார் தகட்டின் திசுவில் கொலாஜன் நார்க்கட்டுகள் அடர்ந்து தெரியும். வெட்டுமுன் தகட்டை அச்சு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியது திரும்ப வராது.

கழுத்துக் கவசம் தனி. எலும்புப் பட்டை ஒன்று கழுத்தின் மேற்புறத்தை அரைவட்டமாகச் சுற்றி, அதன் மேல் தகடுகள் ஒட்டியிருக்கும். அங்கிலோசாரிட்களில் இத்தகைய அரைவளையங்கள் இரண்டு. இவை உறுதியானவை, எளிதில் சிதறாதவை. அதனால் கவசத்தில் நம்பிக்கையோடு இடம் குறிக்கக்கூடிய பகுதி இது மட்டும்தான். முதுகிலும் இடுப்பிலும் தகடுகள் எந்த வரிசையில் நின்றன என்பதற்கு அங்கிலோசாரஸில் நேரடிச் சான்று இல்லை. உறவினர்களைப் பார்த்து நிரப்புகிறோம். படத்தின் கீழே அதை ஒரு வரியில் எழுதிவிடுவது நேர்மை.

தகடு என்பது வெறும் உள்கூடு. உயிரோடு இருந்தபோது அதன் மேல் கெரட்டின் (நகமும் கொம்புறையும் ஆன பொருள்) உறை இருந்தது. இதை ஐயமின்றிக் காட்டியது போரியலோபெல்டா என்ற நோடோசார். 2011-இல் ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் சுரங்கத்தில் கிடைத்தது. ஏறக்குறைய 11 கோடி ஆண்டு பழமை. தகடுகள் இருந்த இடத்திலேயே, உறையோடும் தோலோடும் கல்லாகியிருந்தன. அதை மூடியிருந்த கல்லை நீக்க மார்க் மிட்செல் ஏறத்தாழ 7,000 மணி நேரம் உழைத்தார். இனப்பெயரான மார்க்மிட்செல்லி அவரைச் சிறப்பிக்கத்தான். மாதிரி செய்பவர்கள் கவனிக்க: எலும்பின் ஓரத்தோடு நிறுத்தினால் தகடு சிறியதாகிவிடும், உறைக்கும் இடம் விட வேண்டும்.

களத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அங்கிலோசார்கள் பெரும்பாலும் வயிறு மேலே பார்த்தபடிதான் கிடைக்கின்றன. 2018-இல் வெளியான ஆய்வில் ஆல்பர்ட்டாவின் 36 மாதிரிகளில் 26 தலைகீழாக இருந்தன. ஆற்றில் மிதந்த சடலம் உப்பி, கனத்த முதுகு கீழே போகக் கவிழ்ந்து, அப்படியே கரையொதுங்கிப் புதைந்திருக்கும் என்பதே ஏற்கத்தக்க விளக்கம். அதனால் தோண்டும்போது முதலில் தெரிவது வயிற்றுப் பக்கம். கவசம் அடியில் இருக்கும். அவசரப்பட்டு ஒவ்வொரு எலும்பாகத் தூக்கினால் தகடுகளின் வரிசை என்ற அரிய தகவல் கலைந்துவிடும். முழுத் தொகுதியையும் சாந்துப் போர்வையால் மூடி எடுத்து, ஆய்வகத்தில் புரட்டுவதுதான் முறை.

படி 5: உடலும் கால்களும்

விலா எலும்புகள் முள்ளெலும்பிலிருந்து பக்கவாட்டில் அகன்று போய்ப் பிறகே கீழே வளைகின்றன. உடல் உயரத்தைவிட அகலத்தில் பெருத்தது. தாவரத்தை நொதிக்கவைக்கும் பெரிய குடலுக்கு இடம் அங்கேதான். இடுப்புக்கு முன்னுள்ள கடைசி முதுகு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே தண்டாக, இடுப்பு முள்ளெலும்புகளோடு சேர்ந்துவிடும். மேல் இடுப்பெலும்பு கவச டைனோசர்களில் கிடைமட்டமாக விரிந்திருக்கும். அங்கிலோசாரஸில் அந்த எலும்பு கிடைக்காததால் உறவினர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

ஏ.எம்.என்.எச். 5214-இன் மேற்கை எலும்பு 54 செ.மீ., தொடை எலும்பு 67 செ.மீ. இரண்டும் குட்டை, தடிமன் அதிகம். முன்கால் பின்காலைவிடச் சிறியது என்பதால் முதுகு இடுப்பில்தான் உயர்ந்திருக்கும். பாதங்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. நெருங்கிய உறவினர்களைப் பார்த்து முன்காலில் ஐந்து விரல், பின்காலில் மூன்று விரல் என்று வரைகிறோம்.

படி 6: வால்

வால் குண்டு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு பாகங்கள் உண்டு. தனித்தனியாகப் பாருங்கள்.

முதல் பாகம் கைப்பிடி. வாலின் கடைசி முள்ளெலும்புகள் நீண்டு, ஒவ்வொன்றின் முன்நீட்சியும் முந்தையதன் மேல் ஏறிப் பூட்டிக்கொண்டு அசையாத தண்டாகிவிடும். அங்கிலோசாரஸில் இப்படி ஏழு முள்ளெலும்புகள் தெரிகின்றன. எலும்பாக மாறிய தசைநாண்கள் இருபுறமும் ஒட்டி இன்னும் இறுக்குகின்றன. மேலிருந்து பார்க்கும்போது இந்தப் பூட்டு மற்ற இனங்களில் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவம்; அங்கிலோசாரஸில் அடி வளைந்த ‘யு’ வடிவம். ஒற்றைக் கைப்பிடி எலும்பு கிடைத்தாலும் இனத்தை நெருங்க இந்தச் சிறு வேறுபாடு கைகொடுக்கும்.

இரண்டாவது பாகம் குமிழ். இது முள்ளெலும்பு அல்ல, தோலெலும்பு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய தகடுகளும் நுனியில் சில சிறியவையும் வால் நுனியை விழுங்கி ஒன்றாகிவிட்டவை. ஏ.எம்.என்.எச். 5214-இன் குமிழ் 60 செ.மீ. நீளம், 49 செ.மீ. அகலம், 19 செ.மீ. உயரம். அதாவது உருண்டை அல்ல, தட்டையானது. பந்து போல உருட்டி வரைவது மிகப் பரவலான பிழை.

பரிணாமத்தில் கைப்பிடிதான் முதலில் வந்தது, குமிழ் பிறகு. ஆர்பரும் கரியும் 2015-இல் காட்டியது இது. சீனாவின் கோபிசாரஸில் விறைத்த கைப்பிடி உண்டு, குமிழ் இல்லை. ஒரே விலங்கின் வளர்ச்சியிலும் குமிழ் தாமதமாகவே வருகிறது. பினாகோசாரஸ் குட்டிகளிடம் அது இல்லை. ஆகவே குமிழ் இல்லாத இளம் மாதிரியை ‘அங்கிலோசாரிட் அல்ல’ என்று தள்ளிவிடாதீர்கள். பிரவுனின் 1908 வரைபடத்தில் வால் குண்டு இல்லாததற்குக் காரணம் வேறு: மூல மாதிரியில் வால் நுனியே கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அவரே அதைக் கண்டெடுத்தார்.

குமிழை எதற்குப் பயன்படுத்தியது? பெரிய குமிழின் அடி எலும்பை முறிக்கும் என்று 2009-இல் ஆர்பரின் கணக்கீடு சொன்னது. வழக்கமாக இதை டைரனோசாரஸின் காலோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். 2022-இல் ஸூல் குருரிவஸ்டேட்டர் என்ற மொன்டானா அங்கிலோசாரிட்டின் உடலை ஆராய்ந்தபோது, இடுப்பை ஒட்டிய விலாப்பக்கத் தகடுகளில் மட்டும் உடைந்து ஆறிய காயங்கள் இருந்தன. மாமிச உண்ணியின் கடி என்றால் காயம் அங்கே மட்டும் குவிந்திருக்காது. தம் இனத்துக்குள்ளேயே வாலால் அடித்துக்கொண்டதற்கு அது பொருந்துகிறது. இரண்டு பயன்களும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. ஆனால் இன்று எலும்பில் நேரடிச் சான்று இருப்பது இரண்டாவதற்கே.

படி 7: நீளமும் எடையும்

முழு எலும்புக்கூடு இல்லாத விலங்குக்கு ஒற்றை எண் எழுதாதீர்கள். கென்னத் கார்பென்டர் 2004-இல் பெரிய மாதிரியான சி.எம்.என். 8880-க்கு 6.25 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் இடுப்பு உயரமும் கணித்தார். அதே மண்டையோட்டுக்கு 2017 ஆய்வு 7.56 முதல் 9.99 மீட்டர் வரை என்றது. இரண்டும் ஒரே தலையிலிருந்து வந்தவை. தலைக்கும் உடலுக்குமான விகிதத்தை எந்த உறவினரிடமிருந்து எடுப்பது என்பதில்தான் வித்தியாசம்.

எடையில் இடைவெளி இன்னும் பெருகும், காரணம் கன அளவு. நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு மண்டையோடுகளின் நீள விகிதம் 64.5-ஐ 55.5-ஆல் வகுத்தால் சுமார் 1.16. அதன் மும்மடி (1.16 × 1.16 × 1.16) ஏறத்தாழ 1.57. ஏ.எம்.என்.எச். 5214-க்குச் சொல்லப்படும் எடை 4.78 டன், 1.57-ஆல் பெருக்கினால் 7.5 டன். சி.எம்.என். 8880-க்கு வெளியான மதிப்பு 7.95 டன். தலையில் 9 செ.மீ. கூடினால் உடலில் ஏறத்தாழ மூன்று டன் கூடுகிறது! விகிதத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் எடையில் அது எவ்வளவு பெருகும் என்பது இதிலிருந்தே புரியும். தகவல் பலகையில் ‘6 முதல் 8 மீட்டர், மிகப் பெரியவை இன்னும் நீண்டிருக்கலாம்’ என்று எழுதி, பக்கத்தில் மாதிரி எண்ணைக் குறிப்பிடுங்கள்.

படி 8: முடிப்பதற்கு முன் சரிபார்ப்பு

- நேர் எதிரே பார்க்கையில் மூக்குத்துளை தெரிகிறதா? தெரிந்தால் முகத்தைத் திருத்துங்கள்.
- தோளில் நீண்ட முட்கள் இருக்கின்றனவா? அவை நோடோசாரிடமிருந்து வந்தவை, நீக்குங்கள்.
- முதுகு வில்லாக வளைந்து, வால் தரையில் இழுபடுகிறதா? பிரவுனின் 1908 வரைபடத்தின் செல்வாக்கு. விறைத்த கைப்பிடி வால் தரைக்கு மேலேதான் நிற்கும்.
- குமிழின் உயரம் அகலத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கிறதா? 19-க்கு 49 என்பதே அளவு.
- கழுத்தில் அரைவளையம் இரண்டா? மூன்று போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.
- முதுகுத் தகடுகளின் வரிசை, பாதங்கள், மேல் இடுப்பெலும்பு: இந்த மூன்றையும் எந்த இனத்திலிருந்து கடன் வாங்கினீர்கள் என்று பெயரோடு குறித்திருக்கிறீர்களா?